மேக்குக்குத் தாவியவர்கள் எதை நம்பித் தாவினார்கள்?

வீட்டில் டிவி பிராண்ட் மாற்றுவதில் பெரிய தலைவலி எதுவும் கிடையாது. பழைய பெட்டியைக் கழற்றினோமா, புதுசை மாட்டினோமா, வேலை முடிந்தது. அதே சேனல், அதே சீரியல், அதே அழுகை. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். நேற்று அரைத்த மாவு புது ஃப்ரிட்ஜிலும் மாவாகத்தான் இருக்கும். "இது வேற கம்பெனி ஃப்ரிட்ஜுல வச்ச மாவாச்சே, குளிர வைக்க மாட்டேன்" என்று எந்த ஃப்ரிட்ஜும் அடம் பிடிப்பதில்லை.

கம்ப்யூட்டர் அடம் பிடிக்கும். இத்தனை வருஷமாகச் சேர்த்த கட்டுரை, போட்டோ, பாட்டு, கணக்கு வழக்கு எல்லாம் பழைய பெட்டியின் பாஷையில் இருக்கும். புதுப் பெட்டிக்கு அதில் பாதி புரியும், பாதி புரியாது. அதனால்தான் "இந்த விண்டோஸைத் தூக்கிப் போட்டுட்டு மேக் வாங்கிடலாமா?" என்கிற கேள்வி பல வீடுகளில் வருஷக்கணக்கில் கேள்வியாகவே இருந்தது. ஆசை இருக்கும், சில வீடுகளில் காசும் இருக்கும், ஆனால் கால் நகராது.

அந்தக் கால் எப்போது நகர்ந்தது, எதனால் நகர்ந்தது என்பது சுவாரசியமான கதை. 2000களில் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த கதை. "மேக் அழகா இருக்கு, வைரஸ் வராது, அதான் மாறினாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. விற்பனைக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த ஒரு வரி நிற்காது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் முடியும். 2001 நிதியாண்டில் அது விற்ற மேக் கணினிகள் சுமார் 31 லட்சம். 2002இல் அதே 31 லட்சம். 2003இல் 30 லட்சம். 2004இல் 33 லட்சம். அதாவது நான்கு வருஷம் வண்டி அதே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பாருங்கள்: 2005இல் 45 லட்சம், 2006இல் 53 லட்சம், 2007இல் 70 லட்சம், 2008இல் 97 லட்சம். ஐந்தே வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நின்றுபோன நான்கு வருஷங்களைத்தான். ஏனென்றால் மாறுவதற்கு என்னென்ன காரணம் சொல்வார்களோ அத்தனையும் அந்த நான்கு வருஷத்திலேயே வந்துவிட்டன.

முதலில் வைரஸ். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்று ஒரு புழு வந்தது. அதற்கு முன் வந்த பல வைரஸ்கள் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்தால்தான் ஒட்டிக்கொள்ளும். "தெரியாத ஆள் அனுப்பினதைத் திறக்காதே" என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். பிளாஸ்டருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி இருந்து, பேட்ச் போடாமல், இணையத்தில் செருகினால் போதும், தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி 60 நொடி கவுன்ட்டவுன் ஓடும். அதற்குள் எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்தால் உண்டு, இல்லாவிட்டால் கோவிந்தா. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே பேட்ச் கொடுத்திருந்தது என்பது இன்னொரு சோகம். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகள் திறந்தபோது மாணவர்கள் ஊரிலிருந்து துணிமணியோடு இந்தப் புழுவையும் சேர்த்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தார்கள். 2004 ஏப்ரல் கடைசியில் அதே பாணியில் சாஸர் வந்தது. அதை எழுதியது ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மாணவர். எக்ஸ்பியில் ஃபயர்வால் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் அணைத்து வைத்திருந்தார்கள்! 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2இல்தான் அது தானாகவே இயங்க ஆரம்பித்தது.

இரண்டாவது, மாற்று ஏற்பாடு நன்றாகவே இருந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் 2001 மார்ச்சில் வந்துவிட்டது. யுனிக்ஸ் அஸ்திவாரம், மேலே கண்ணைப் பறிக்கும் முகப்பு. கணினி அறிவியல் மாணவர்கள் டெர்மினலைத் திறந்து பார்த்துச் சொக்கிப்போனார்கள்.

மூன்றாவது, விளம்பரம். 2002 ஜூனில் "மாறுங்கள்" என்றே பெயர் வைத்து ஆப்பிள் ஒரு விளம்பர வரிசையை இறக்கியது. எடுத்தவர் எரோல் மோரிஸ், பேர்பெற்ற ஆவணப்பட இயக்குநர். வெள்ளைப் பின்னணியில் சாதாரண மனிதர்கள் வந்து நின்று, தாங்கள் ஏன் விண்டோஸை விட்டார்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொல்வார்கள். ஹோம்வொர்க்கை விண்டோஸ் தின்றுவிட்டது என்று அலுத்துக்கொண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் விளம்பரம் இணையத்தில் பிரமாதமாகப் பரவியது.

தள்ளிவிட வைரஸ் இருந்தது. இழுக்க நல்ல கணினி இருந்தது. கூவி அழைக்க விளம்பரமும் இருந்தது. இருந்தும் 2002, 2003 விற்பனை அசையவே இல்லை. ஏன்?

கால் நகராததன் காரணம்

ஓஹையோவில் ஒரு கல்லூரி மாணவி, 2003ஆம் வருஷம், மேக் வாங்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஒரு தாளில் பட்டியல் போட்டால் என்ன வரும்?

வேர்ட் கோப்புகள் திறக்கும், ஏனென்றால் மேக்குக்கும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் உண்டு. (1997இல் ஆப்பிள் ஒரே வருஷத்தில் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டு நின்றபோது மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடும், ஐந்து வருஷத்துக்கு மேக் ஆஃபீஸும் தருவதாக ஒப்பந்தம் போட்டது. பரம எதிரி கொடுத்த ஆக்சிஜன்.) ஆனால் அந்த ஆஃபீஸையும் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆக்சஸ் தரவுத்தளம் வேண்டுமென்றால் மேக்கில் கிடையவே கிடையாது. வரைபடம் போட ஆட்டோகேட் வேண்டுமா? அது 1990களின் ஆரம்பத்தில் மேக்கை விட்டுப் போனது. திரும்பி வந்தது 2010இல். வீட்டுக் கணக்கை க்விக்கனில் வைத்திருந்தால், மேக் பதிப்பு தனி ஜாதி, விண்டோஸ் கோப்பை அப்படியே திறக்காது. என்டிஎஃப்எஸ் முறையில் தயார் செய்த ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், மேக் அதைப் படிக்கப் பழகிய பிறகும் அதில் எழுதாது. விளையாட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். தம்பி வீட்டை இரண்டாக்கிவிடுவான்.

இது போக, கை பழகிய பழக்கம் வேறு. கன்ட்ரோல் சாவிக்குப் பதில் கமாண்ட் சாவி. சன்னலை மூடும் பொத்தான் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போய்விடும். மூடினாலும் மென்பொருள் முழுசாக மூடாது, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மவுஸில் வலது பொத்தானே கிடையாது. 2005 ஆகஸ்டில் மைட்டி மவுஸ் வரும்வரை ஆப்பிள் தன் மவுஸில் ஒற்றைப் பொத்தானோடே பிடிவாதமாக நின்றது.

இந்தப் பட்டியலில் எந்த ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. சேர்த்துப் பார்த்தால் மலை. இந்த மலைக்கு ஒரு நீதிமன்றமே பெயர் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பர் 5 அன்று தன் உண்மைக் கண்டறிதல்களை வெளியிட்டார். மென்பொருள்களே எழுப்பும் நுழைவுத் தடை என்று அதில் அவர் விளக்கியது இதைத்தான். விண்டோஸில் ஆட்கள் அதிகம், அதனால் மென்பொருள் எழுதுகிறவர்கள் விண்டோஸுக்கே எழுதுகிறார்கள். மென்பொருள் அங்கே அதிகம், அதனால் ஆட்களும் அங்கேயே போகிறார்கள். கோழியும் முட்டையும் சேர்ந்து கட்டிய மதில். எதிரே நல்ல கணினி இருந்தால் மட்டும் இந்த மதில் இடியாது.

மதில் எவ்வளவு உயரம் போகும் என்பதற்குத் தென் கொரியா நல்ல உதாரணம். 1990களின் கடைசியில் அங்கே இணைய வங்கிப் பாதுகாப்புக்கு சீட் என்கிற உள்நாட்டுக் குறியாக்க முறையைக் கொண்டுவந்தார்கள். உலாவிகளில் அது கிடையாது. அதனால் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் வழியாக ஒட்டுப் போட்டார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவதோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், அதுவும் விண்டோஸில். விளைவு, 2000களில் அங்கே மேக் வாங்கிய ஒருவருக்கு இணையத்தில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதே பெரும்பாடு. பணம் கொடுத்து வாங்கிய கணினியில் சொந்தப் பணத்தைப் பார்க்க முடியாது! பொது மின்சான்றிதழின் தனிச் சலுகையைச் சட்டம் விலக்கியது 2020 டிசம்பரில்தான்.

ஆக, கேள்வி "மேக் நல்லதா?" என்பது இல்லை. "போய்விட்டு, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு 2003 வரை பதில் இல்லை.

சின்னச் சின்னக் கதவுகள்

மதில் ஒரே நாளில் இடியவில்லை. அதில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

முதல் கதவு ஐபாட். 2001 அக்டோபரில் வந்தபோது 399 டாலர், அதுவும் மேக்கில் மட்டும்தான் ஓடும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முதலில் வீட்டுக் கணினியை மாற்று என்கிற கதை. 2002இல் விண்டோஸுக்கும் ஒரு ஐபாட் வந்தது, 2003 அக்டோபரில் விண்டோஸுக்கான ஐடியூன்ஸ் வந்தது. 2005 நிதியாண்டில் ஐபாட் விற்றது 2 கோடியே 25 லட்சம். விண்டோஸை விடாமலேயே ஆப்பிளின் ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடிந்தது. புளி வாங்குவதற்கு முன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

இரண்டாவது கடை. 2001 மே 19 அன்று வர்ஜீனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஆப்பிள் தன் முதல் இரண்டு கடைகளைத் திறந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்க்கலாம், மணிக்கணக்கில் நோண்டலாம், கெட்டுப்போனால் கொண்டுபோய்க் காட்ட ஒரு மேஜையும் அதன் பின்னால் ஒரு ஆளும் உண்டு. இந்தக் கடைகளில் விற்கும் மேக்குகளில் ஏறக்குறைய பாதியை வாங்குவது அதற்கு முன் மேக் வைத்திராதவர்கள்தான் என்று ஆப்பிள் தொடர்ந்து சொல்லிவந்தது. (இந்தியாவில் ஆப்பிளின் சொந்தக் கடை மும்பையில் 2023 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை இங்கே ருசி பார்த்தல் எல்லாம் மற்றவர்கள் நடத்திய கடைகளில்தான்.)

மூன்றாவது மேக் மினி. 2005 ஜனவரி, 499 டாலர். டிபன் டப்பா மாதிரி ஒரு பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கூட வராது. "உங்களிடம் இருக்கிறதே, அதையே மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். கஞ்சத்தனம் மாதிரி தெரியும், ஆனால் யோசித்தால் சரியான தந்திரம். பழைய வீட்டுச் சாமான்களோடு புது வீட்டில் குடியேறலாம், பிடிக்காவிட்டால் அதே சாமான்களோடு திரும்பலாம்.

நான்காவது கதவை ஆப்பிள் திறக்கவில்லை, இணையம் திறந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயில், 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0, 2006இல் கூகுளின் ஆவணங்கள். அஞ்சலும் ஆவணமும் உலாவிக்குள் போகப் போக, அந்த உலாவி எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்பது முக்கியம் இல்லாமல் போனது. நீதிபதி சொன்ன மதிலில் பெரிய ஓட்டை விழுந்தது இங்கேதான்.

ஸ்டெப்னி வந்த வருஷம்

2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, மேக்குகள் இனி பவர்பிசி சில்லை விட்டு இன்டெல்லுக்கு மாறும் என்று அறிவித்தார். அதுவரை இன்டெல்லைக் கிண்டல் செய்து விளம்பரம் போட்ட கம்பெனி அது. காரணம் வெளிப்படை. ஜி5 சில்லில் 3 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று 2003இல் அவர் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. மடிக்கணினிக்குள் வைக்க முடியாத அளவுக்கு அது சூடு வேறு. மேக் ஓஎஸ் எக்ஸின் ஒவ்வொரு பதிப்பும் ரகசியமாக இன்டெல்லிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அன்றைக்குத்தான் வெளியே சொன்னார்கள். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் அறிவிக்கப்பட்டன, ஆகஸ்டுக்குள் மொத்த வரிசையும் மாறிவிட்டது.

சில் மாறியது பொறியாளர்களுக்குச் செய்தி. வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி 2006 ஏப்ரல் 5 அன்று வந்தது. பூட் கேம்ப் என்கிற இலவச மென்பொருளைச் சோதனைப் பதிப்பாக ஆப்பிளே வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மேக், இன்னொரு பக்கம் எக்ஸ்பி. கணினியைத் தொடங்கும்போது ஆப்ஷன் சாவியை அழுத்திப் பிடித்தால் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸை ஆப்பிள் விற்காது, அதற்கு உதவியும் செய்யாது, குறுந்தகடு சொந்தமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் ஓடும், நன்றாகவே ஓடும். சில வாரங்களில் பேரலல்ஸ் வந்தது. மேக்கை அணைக்காமலேயே ஒரு சன்னலுக்குள் விண்டோஸை ஓட்டலாம்.

பூட் கேம்ப் போட்டவர்களில் எத்தனை பேர் தினமும் விண்டோஸுக்குள் போனார்கள் என்பது இங்கே முக்கியமே இல்லை. காரில் ஸ்டெப்னி இருப்பது தினமும் டயர் மாற்றுவதற்காக அல்ல. ஆனால் ஸ்டெப்னி இல்லாத காரில் யாரும் கொடைக்கானல் மலை ஏறத் துணியமாட்டார்கள். அந்த ஓஹையோ மாணவியின் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் இப்போது ஒரே பதில் இருந்தது: "ஆகலைன்னா விண்டோஸ் போட்டுக்கலாம்." 2006 மே மாதம் வந்த மேக்புக் 1,099 டாலரில் ஆரம்பித்தது. கல்லூரி வளாகங்களில் வெள்ளை மடிக்கணினிகள் முளைத்தது அதற்கப்புறம்தான்.

இந்த நேரம் பார்த்து மைக்ரோசாஃப்ட் ஒரு உதவி செய்தது. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைக்கு வந்தது. எக்ஸ்பிக்கும் இதற்கும் ஐந்து வருஷத்துக்கு மேல் இடைவெளி. பழைய பிரின்டருக்கு டிரைவர் இல்லை, நினைவகம் போதாது, எதைத் தொட்டாலும் "அனுமதிக்கலாமா?" என்று ஒரு கேள்வி. விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில் பல அதன் அடிப்படைப் பதிப்பை மட்டுமே தாங்கின என்று வழக்கே போட்டார்கள்.

விஸ்டா மோசம், அதனால் மேக் விற்றது என்று சொல்வதுண்டு. அதைவிடச் சரியாகச் சொல்லலாம். அதுவரை விண்டோஸிலேயே இருப்பது என்றால் செலவில்லை, அலைச்சல் இல்லை; மேக்குக்குப் போனால்தான் செலவும் அலைச்சலும். விஸ்டா அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. இருக்கிற இடத்திலேயே இருந்தாலும் புதுப் பெட்டி, புது பிரின்டர், புதுப் பழக்கம். எப்படியும் சாமான் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்துத் தெருவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றுவது இயற்கை. (2007இல் ஐபோனும் வந்தது. அதன் பங்கும் இந்த எண்களில் உண்டு.)

மாறாதவர்களும் முட்டாள்கள் இல்லை

இதையெல்லாம் படித்துவிட்டு மாறியவர்கள் புத்திசாலிகள், மாறாதவர்கள் அப்பாவிகள் என்று நினைத்துவிடக் கூடாது. 2009இல் மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் போட்டது. ஒரு பெண்ணுக்கு 17 அங்குல மடிக்கணினி வேண்டும், கையில் ஆயிரம் டாலர். ஆப்பிள் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார், கடைசியில் 699.99 டாலருக்கு எச்பி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார். ஆப்பிளின் 17 அங்குல மடிக்கணினி அப்போது 2,799 டாலர். பொருளாதாரம் படுத்திருந்த வருஷத்தில் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. மேக் விற்பனையும் அந்த நிதியாண்டில் 104 லட்சத்தோடு மெதுவானது.

வைரஸ் பயத்தில் மாறியவர்களின் நம்பிக்கையும் பாதிதான் உண்மை. 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவாவின் ஒரு ஓட்டை வழியாக சுமார் 6 லட்சம் மேக்குகளில் நுழைந்தது. அந்த ஓட்டைக்கு மற்றவர்களுக்கு பிப்ரவரியிலேயே மருந்து வந்துவிட்டது. மேக்குக்கு வந்தது ஏப்ரலில். திருடன் வராத தெரு என்பதும் பூட்டு உள்ள வீடு என்பதும் ஒன்றல்ல.

தமிழுக்கும் ஒரு கதவு உண்டு

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது. எக்ஸ்பியில் லதா எழுத்துரு கூடவே வரும், ஆனால் சிக்கலான எழுத்து வரிவடிவங்களுக்கான வசதியை குறுந்தகடு போட்டு நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். மேக்கிலோ மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் கணினியோடேயே வர ஆரம்பித்தன. ஆஹா என்று குதித்து வாங்கினால், அடுத்த அடி காத்திருக்கும். மைக்ரோசாஃப்டின் மேக் வேர்ட், 2011 பதிப்பு வரைக்கும் தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டாது. டெக்ஸ்ட்எடிட்டில் ஜம்மென்று தெரியும் வரி, வேர்டில் உடைந்து கிடக்கும்.

அதைவிடப் பெரிய பாடம் பழைய கோப்புகளில் இருந்தது. பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த கதை, கவிதை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு மேலே போர்த்திய வேஷம்தான் தமிழ். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். ஒருங்குறியில் எழுதியது மட்டும் எந்தப் பெட்டிக்குப் போனாலும் தமிழாகவே இருந்தது. எழுதியவர் எந்தக் கம்பெனிக் கணினி வைத்திருந்தார் என்பதைவிட எந்தக் குறியாக்கத்தில் எழுதினார் என்பதுதான் அந்த எழுத்தின் ஆயுளைத் தீர்மானித்தது.

உள்ளே போன பிறகு

வருகிறவர்களுக்குக் கதவை அகலமாகத் திறந்து வைத்த கம்பெனி, போகிறவர்களுக்கும் அதே அகலம் வைத்ததா? அதுதான் இல்லை. ஐடியூன்ஸ் கடையில் பாட்டு 99 சென்ட். ஆனால் ஃபேர்ப்ளே என்கிற பூட்டோடு வரும். ஐடியூன்ஸிலும் ஐபாடிலும்தான் பாடும், வேறு கம்பெனிக் கருவியில் வாய் திறக்காது. 200 பாட்டு வாங்கியவர் வெளியே போனால் 200 பாட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பூட்டு முழுதாக நீங்கியது 2009இல். ஐபோட்டோவுக்காகவே மேக் வாங்கியவர்கள் உண்டு. 2014இல் ஆப்பிள் அதை நிறுத்துவதாகச் சொல்லி, அடுத்த வருஷம் வேறு மென்பொருளைக் கொடுத்தது.

அந்தப் பிரசித்தி பெற்ற ஸ்டெப்னியும் போய்விட்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு மேக்குகளை விட்டது. அவற்றில் பூட் கேம்ப் கிடையாது. 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பூட் கேம்ப் போனதற்குப் பெரிதாக யாரும் அழவில்லை. பெரும்பாலானவர்களின் வேலை உலாவிக்குள் போய்விட்டதால் அந்தத் திரும்பும் டிக்கெட் தேவைப்படவில்லை. ஆனால் மதில் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு அது மென்பொருளில் இருந்தது. இப்போது மேகத்தில் இருக்கும் போட்டோ, சேமித்த கடவுச்சொல், செய்திப் பரிமாற்றம், கையில் இருக்கும் போன் ஆகியவற்றில் இருக்கிறது. இது ஆப்பிளின் குற்றம் மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லோரும் அதே கொத்தனாரிடம்தான் மதில் கட்டுகிறார்கள்.

இப்போது மறுபடியும் அதே கேள்வி வீடுகளில் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய சில் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பெட்டிகளில் அது இல்லை. விஸ்டா காலத்துக் கதையேதான்: இருந்தாலும் சாமான் கட்ட வேண்டும், போனாலும் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் 2025 மார்ச்சில் வந்த மேக்புக் ஏர் அமெரிக்காவில் 999 டாலரில் தொடங்கியது. காசே வேண்டாம் என்றால் அதே பழைய பெட்டியில் லினக்ஸ் போடலாம். ஆசை வருவதில் தப்பே இல்லை.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம், அரை மணி நேர வேலை. ஒரு ஆல்பத்தின் அசல் போட்டோக்களை வெளியே எடுத்து, எக்ஸ்ஃபேட் முறையில் தயார் செய்த ஒரு பென் டிரைவில் போடுங்கள். முக்கியமான ஒரு ஆவணம், தொடர்பு எண்கள், கடவுச்சொற்கள் இவற்றையும் ஏற்றுமதி செய்து பாருங்கள் (கடவுச்சொல் கோப்பைப் பார்த்தவுடன் அழித்துவிடுங்கள்!). பிறகு நண்பரின் வேறு கம்பெனிக் கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் தைரியமாக வாங்கலாம், பிடிக்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பலாம். திறக்கவில்லை என்றால், மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கடையில் இல்லை. அது இன்னும் பழைய பெட்டிக்குள்ளேதான் கிடக்கிறது.